தடைசெய்யப்பட்ட குடும்பப் பெயர்

சொந்தக் குடும்பப் பெயரைச் சொன்னால் மரண தண்டனை! ஸ்காட்லாந்தின் மெக்ரிகர் குலத்தாருக்கு ஒரு காலத்தில் இதுதான் சட்டம்.

1603 பிப்ரவரியில் கிளென் ஃப்ரூயின் பள்ளத்தாக்கில் நடந்த சண்டையில், கஹூன் குலத்தார் பலரை மெக்ரிகர்கள் கொன்று குவித்தார்கள். கொதித்துப்போன மன்னர் ஆறாம் ஜேம்ஸின் அரசவை, ஏப்ரல் மாதமே மெக்ரிகர் என்ற பெயரை ஒழித்துவிட ஆணையிட்டது. உயிர் பிழைக்க, குலத்தார் கேம்பெல், ட்ரம்மண்ட், கிரஹாம், ஸ்டீவர்ட் என்று வேறு பெயர்களைச் சூட்டிக்கொண்டார்கள்.

1661-இல் இரண்டாம் சார்லஸ் தடையை நீக்கினார். 1693-இல் அது மீண்டும் வந்தது. வால்டர் ஸ்காட்டின் நாவல் புகழ்பெறச் செய்த ராப் ராய் மெக்ரிகரும் தாய்வழிப் பெயரான கேம்பெல்லைத்தான் பயன்படுத்தினார்.

1774-இல்தான் தடை முழுவதுமாக நீங்கியது. அதற்குள் பல குடும்பங்களுக்குப் புதிய பெயரே நிலைத்துவிட்டது. 1822-இல் தொடங்கிய மெக்ரிகர் குலச் சங்கம், அப்படிப் பெயர் மாறியவர்களின் வழித்தோன்றல்களையும் இன்று உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்கிறது.