இறந்த காலம் இரண்டு வகை

ஆய்வுக்கூடத்தில் ஒரு மின்கம்பியைத் தொடப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நண்பர் ஒருவர், 'ஐ ஹாவ் சுவிட்ச்டு ஆஃப் த கரண்ட்' என்கிறார். மின்சாரத்தை நிறுத்திவிட்டார், அது இப்போதும் நின்றே இருக்கிறது என்பது இதன் பொருள். அவரே, 'ஐ சுவிட்ச்டு ஆஃப் த கரண்ட் அட் டென்' என்றால் பொருள் வேறு. பத்து மணிக்கு நிறுத்தினார், அவ்வளவுதான். பிறகு யாரேனும் மீண்டும் போட்டார்களா என்பது பற்றி இவ்வாக்கியம் எதுவும் கூறவில்லை. (எவர் எப்படிச் சொன்னாலும், சோதித்துப் பார்த்த பிறகே கம்பியைத் தொட வேண்டும் என்பது வேறு பாடம்!)

முதல் வாக்கியம் பிரசண்ட் பர்ஃபெக்ட். இரண்டாவது சிம்பிள் பாஸ்ட். 'ஹாவ்' அல்லது 'ஹாஸ்' போட்டு வினைச்சொல்லின் மூன்றாம் வடிவத்தைச் சேர்க்க வேண்டும் என்று நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் எதை எங்கே பயன்படுத்துவது? இங்குதான் பலர் தடுமாறுகிறார்கள்.

கணிதத்தில் வரும் எண்கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யம்தான் 'இப்போது'. அதன் இடப்பக்கம் கடந்த காலம். சிம்பிள் பாஸ்ட், இடப்பக்கத்தில் ஒரு புள்ளியையோ ஒரு துண்டையோ காட்டுகிறது. அது பூஜ்யத்தைத் தொடுவதில்லை. பிரசண்ட் பர்ஃபெக்ட், இடப்பக்கத்திலிருந்து வந்து பூஜ்யத்தைத் தொடும் கோடு. 'ஐ லிவ்டு இன் மதுரை ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்பவர் இப்போது மதுரையில் இல்லை. 'ஐ ஹாவ் லிவ்டு இன் மதுரை ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்பவர் பொதுவாக இன்றும் மதுரைவாசியே.

அறிவியல் வரலாற்றிலிருந்து ஓர் உதாரணம் காண்போம். 2016 பிப்ரவரி 11 அன்று வாஷிங்டன் நகரில் லைகோ ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் டேவிட் ரைட்ஸி செய்தியாளர்களிடம் ஈர்ப்பு அலைகளைப் பற்றி அறிவித்தார். 'வீ ஹாவ் டிடெக்டட் கிராவிடேஷனல் வேவ்ஸ். வீ டிட் இட்' என்றார். இந்த இரு சிறு வாக்கியங்களில் இரு காலங்களும் அடுத்தடுத்து வருவதைக் கவனியுங்கள். முதல் வாக்கியம் புதிய செய்தி, நாள் குறிப்பிடப்படவில்லை, அதன் பயன் இப்போது நம் கையில் இருக்கிறது. ஆகவே பர்ஃபெக்ட். செய்தியைச் சொன்னபின், அடுத்த வாக்கியம் செய்து முடித்த செயலைத் திரும்பிப் பார்க்கிறது. ஆகவே பாஸ்ட்.

அந்த அலை கருவிகளில் பதிவானது 2015 செப்டம்பர் 14 அன்று. நாளைக் குறிப்பிட்டு எழுதும்போது, 'த டிடெக்டர்ஸ் அப்சர்வ்டு எ சிக்னல்' என்றே எழுத வேண்டும். 'ஹாவ்' வரக் கூடாது. அந்த அலையைக் கிளப்பிய இரு கருந்துளைகளும் ஏறத்தாழ 130 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒன்றிணைந்தன. அதற்கும் 'மெர்ஜ்டு' என்ற பாஸ்ட்தான்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. எவ்வளவு காலத்துக்கு முன் நடந்தது என்பது இங்கே அளவுகோல் அன்று. ஐந்து மாதங்களுக்கு முந்தைய நிகழ்ச்சி பர்ஃபெக்ட் ஆகலாம். பத்து நிமிடங்களுக்கு முந்தையதும், 'டென் மினிட்ஸ் அகோ' என்று நேரத்தைச் சொல்லிவிட்டால் பாஸ்ட் ஆகிவிடும். 'எஸ்டர்டே', 'அகோ', 'இன் 2015' போன்ற சொற்கள் கோட்டைப் பூஜ்யத்திலிருந்து வெட்டிவிடுகின்றன.

தமிழர்களாகிய நாம் தவறுவது ஏன்? 'அவர் நேற்று வந்திருக்கிறார்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். 'வந்திருக்கிறார்' என்பது பர்ஃபெக்ட் போலவே தோன்றுவதால், 'ஹி ஹாஸ் கம் எஸ்டர்டே' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலம் இதை ஏற்பதில்லை. 'ஹி கேம் எஸ்டர்டே' என்பதே சரி. மறுபுறம், 'ஐந்து ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன்' என்பதில் தமிழ் நிகழ்காலத்தையே ஆள்கிறது. ஆங்கிலத்துக்கோ அங்கே 'ஐ ஹாவ் பீன் ஹியர்' என்ற பர்ஃபெக்ட் தேவை. ஒவ்வொரு மொழியும் காலத்தைத் தன் வழியில் பிரித்துக்கொள்கிறது. சொல்லுக்குச் சொல் மாற்றினால் பிழை நேரும்.

பேச்சு வழக்கில் ஒரு வேறுபாடும் உண்டு. 'இப்போதுதான் சாப்பிட்டேன்' என்பதைப் பிரிட்டிஷ்காரர் பெரும்பாலும் 'ஐ ஹாவ் ஜஸ்ட் ஈட்டன்' என்பார். அமெரிக்கர் 'ஐ ஜஸ்ட் ஏட்' என்றும் சொல்வார். இரண்டும் பிழையல்ல.

அறிவியல் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு இது மிகவும் பயன்படும். 'இந்தத் துறையில் இதுவரை பலர் ஆராய்ந்திருக்கிறார்கள்' என்னும் முன்னுரைக்குப் பர்ஃபெக்ட். 'ஊசலின் நீளத்தை அளந்தோம்' என்னும் செய்முறைக்குப் பாஸ்ட். 'இதனால் இன்னதை நிறுவியுள்ளோம்' என்னும் முடிவுரைக்கு மீண்டும் பர்ஃபெக்ட் வரலாம். நீரின் கொதிநிலை போல என்றும் பொருந்தும் உண்மைகளுக்கு இவ்விரண்டும் வேண்டாம். சாதாரண நிகழ்காலம் போதும்.

நாளை ஓர் ஆங்கில நாளிதழை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஹாஸ்' அல்லது 'ஹாவ்' என்று தொடங்கும் செய்தி ஒன்றைத் தேடி, அடுத்த வாக்கியங்களில் வினைச்சொற்கள் எங்கே பாஸ்டுக்கு மாறுகின்றன என்று அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றிலும் 'எப்போது?' என்று கேட்டுப் பாருங்கள். வாக்கியத்திலேயே விடை இருந்தால் பாஸ்ட். 'இதுவரை' அல்லது 'இப்போது' என்பதே விடையானால் பர்ஃபெக்ட். பத்து நாள் இப்படிப் பழகினால் விதியை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இராது.