சாக்லேட் முட்டைக்கு மினுமினுப்பு எப்படி வருகிறது?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வசந்த காலத்தில் வரும் பண்டிகை ஈஸ்டர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்த ஃப்ரை நிறுவனம் 1873-லேயே சாக்லேட் முட்டைகளைச் செய்து விற்றது. அமெரிக்காவில் பல வீடுகளில் தேங்காய்த் துருவலையும் சர்க்கரையையும் பிசைந்து, முட்டை வடிவில் உருட்டி, உருகிய சாக்லேட்டில் தோய்த்தெடுக்கிறார்கள்.

ஆனால், சாக்லேட்டை வெறுமனே உருக்கித் தோய்த்தால் சில நாட்களில் சாம்பல் நிறப் படலம் படர்ந்துவிடும். இது பூஞ்சையா? இல்லை, சாக்லேட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய்தான்!

கொக்கோ வெண்ணெய் ஆறு வகைப் படிகங்களாக உறையக்கூடியது. கிராஃபைட்டும் வைரமும் ஒரே கார்பன்தான் அல்லவா? அதுபோல இங்கும் பொருள் ஒன்றே, அடுக்குதான் வேறு. ஐந்தாம் வகையில் மூலக்கூறுகள் நெருக்கமாக அடுங்கியுள்ளன. அதனால் சாக்லேட் பளபளக்கிறது, ‘டக்’கென்று ஒடிகிறது. ஏறத்தாழ 34° செல்சியஸில் உருகுவதால் வாயிலிட்டதும் கரைகிறது. நெருக்கம் குறைந்த வகைகள் நிலையற்றவை. அவை நாளடைவில் உருமாறும்போது கொழுப்பு மேலே வந்து படிகிறது.

ஐந்தாம் வகையை மட்டும் பெறுவது எப்படி? பால் சேராத சாக்லேட்டைச் சுமார் 45° வரை சூடாக்குங்கள்; எல்லாப் படிகங்களும் உருகிவிடும். கிளறிக்கொண்டே 27°-க்கு ஆறவிடுங்கள். நான்காம், ஐந்தாம் வகைகள் தோன்றும். மீண்டும் 31°-32°-க்குச் சூடாக்குங்கள். நான்காம் வகை உருகிவிடும். ஐந்தாம் வகை எஞ்சி, மற்ற மூலக்கூறுகளுக்கு வித்தாக அமையும். இப்போது தோய்க்கலாம்.

கொழுப்புப் படலம் படர்ந்த சாக்லேட்டை எறிந்துவிடாதீர்கள். அதை உண்ணலாம், மறுபடி உருக்கி, இதே முறையில் மினுமினுக்கவும் செய்யலாம்.