காந்தம் எட்டாத ஆழத்தில்

லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குப் பாதை ரயிலில் ஏறிப் பொங்கோல் பக்கம் போனால் எட்டாவது நிறுத்தம் புவாங்கோக். மனநலக் கழகம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஃபேரர் பார்க், பூன் கெங், உட்லீ, கோவன் என்று நிலையங்கள் வந்துபோகும். வானம் மட்டும் ஓரிடத்திலும் தெரியாது. பாதை முழுவதும் தரைக்கு அடியில். சுரங்கத்துக்குள் போனாலே மூச்சு முட்டுகிற ஒருவர் அதற்கு வைத்தியம் பார்க்க இந்த ரயிலில் போக வேண்டியிருக்கிறதே என்று பரிதாபப்படலாம். மனநல மருத்துவர்கள் அவ்வளவு பரிதாபப்படமாட்டார்கள். பயக் கோளாறுகளுக்கு இன்றுவரை நன்றாக நிரூபணமான சிகிச்சைகளில் முதல் வரிசையில் இருப்பது, பயப்படும் இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, திரும்பத் திரும்பப் போவதுதான்.

மூளையைக் காந்தத்தால் தூண்டிப் பயத்தைப் போக்கலாம் என்று சில ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். ‘பயத்தை அழிக்கும் காந்தம்’ என்ற அளவுக்கு அது வாட்ஸ்அப்பில் ஊதிப் பெருகிவிட்டது. காந்தம் பொய்யில்லை. ‘அழிக்கும்’ என்பதில்தான் கோளாறு. ஏன் என்று விளங்க, பயம் மூளையில் எப்படிக் குடியேறுகிறது என்று பார்க்க வேண்டும். அதைச் சொல்லித் தந்தவர்களில் சிங்கப்பூர் ஆய்வகங்களின் மீன்களும் உண்டு.

வரிக்குதிரை மீன் நம்முடைய கங்கைப் பக்கத்து ஓடைகளைச் சேர்ந்தது. விரல் நீளம்கூட இல்லாத இந்த மீனின் தோல் கிழிந்தால் ஒரு வேதிப்பொருள் நீரில் கலக்கும். அதை முகர்ந்ததும் பக்கத்து மீன்கள் தாறுமாறாகப் பாயும், அடியில் போய் உறைந்து நிற்கும். மீன்களிடம் இப்படி ஒரு அபாய வாசனை இருப்பதை 1938இலேயே கார்ல் வான் ஃபிரிஷ் கவனித்துவிட்டார். அது என்ன பொருள் என்பது பல பத்தாண்டுகள் பிடிபடவில்லை. சிங்கப்பூரில் அஜய் மதுருவும் சுரேஷ் ஜேசுதாசனும் அவர்களுடைய சகாக்களும் 2012இல் ஒரு விடை சொன்னார்கள்: காண்ட்ராய்டின் என்ற சர்க்கரைச் சங்கிலியின் துண்டுகள். மூட்டுவலிக்காரர்கள் மருந்துக் கடையில் மாத்திரையாக வாங்கி விழுங்குகிறார்களே, அதே காண்ட்ராய்டின் குடும்பம்தான். நமக்கு முழங்கால் மருந்து, மீனுக்கு மரண பயம்!

ஜேசுதாசன் குழு அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால் செய்த இன்னொரு சோதனையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மீன் குஞ்சுகளுக்கு ஓர் ஒளி காட்டி, பிறகு லேசான மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஒளி வந்ததும் தொட்டியின் மறுபக்கத்துக்கு நீந்திவிட்டால் அதிர்ச்சி இல்லை. குஞ்சுகள் இதைக் கற்றுக்கொண்டன. மூளையின் நடுவே ஹபெனுலா என்று சிறு பகுதி ஒன்று உண்டு. அதன் வேலை கெடுக்கப்பட்ட குஞ்சுகளும் அதிர்ச்சியை உணர்ந்தன, முதலில் துள்ளவும் செய்தன. ஆனால் போகப்போகத் தப்பிக்க முயல்வதையே விட்டுவிட்டன. பயம் வேறு, பயத்தின் முன்னால் கையாலாகாமல் போவது வேறு. இரண்டாவதுக்கு மூளையில் தனிக் கணக்கு இருக்கிறது என்பதைக் காட்டிய சோதனை அது. நோயாளிகளை வாட்டுவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

மீனிலிருந்து எலிக்கு வருவோம். இந்தக் கதை பெங்களூரில் தொடங்குகிறது. அங்குள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ரா சட்டர்ஜியின் ஆய்வகத்தில் அஜய் வியாஸ், ரூப்ஷி மித்ரா என்ற இரு மாணவர்கள் இருந்தார்கள். பின்னாளில் இருவருமே சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களானார்கள். எலியை அசைய விடாமல் தினமும் இரண்டு மணி நேரம், பத்து நாள் அடைத்து வைத்து அவர்கள் பார்த்தது இது: நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின, பயத்துக்குப் பொறுப்பான அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்தன. 2002இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. இருபத்தொரு நாள் ஓய்வு கொடுத்த பிறகும் அமிக்டலாவின் அந்த வளர்ச்சி திரும்பவில்லை.

2005இல் மித்ரா முதல் ஆசிரியராக வெளியிட்ட ஆய்வு இன்னும் விசித்திரமானது. ஒரே ஒரு முறை, இரண்டு மணி நேரம் மட்டும் அடைப்பு. மறுநாள் பார்த்தால் எலியிடம் ஒரு மாற்றமும் இல்லை. பத்தாவது நாள் பார்த்தால் அமிக்டலாவில் நரம்பணுக்களின் இணைப்பு முட்கள் பெருகியிருந்தன, எலியும் பதற்றம் மிக்கதாக மாறியிருந்தது. விபத்து நடந்த அன்று தெளிவாக இருந்தவர் இரண்டு வாரம் கழித்துத் தூக்கம் கெட்டு அலைவதை “அப்போ நல்லாத்தானே இருந்தான்” என்று குடும்பத்தார் நடிப்பாக நினைப்பதுண்டு. எலிக்கு நடிக்கத் தெரியாது.

அமிக்டலா இல்லாமலே போனால்? அமெரிக்காவில் ‘எஸ்.எம்.’ என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒரு பெண்ணுக்கு அபூர்வ நோயால் இரண்டு பக்கத்து அமிக்டலாவும் அழிந்துபோயின. பாம்பும் பேய்ப் படமும் அவரை அசைக்கவில்லை. 2013இல் அவரைக் கரியமில வாயு கலந்த காற்றை ஒரு மூச்சு இழுக்கச் சொன்னார்கள். பயமே அறியாதவர் திணறிப் பீதியில் துடித்தார். பயத்துக்கு ஒரே ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அணைத்தால் தீர்ந்தது என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடையாது.

சரி, பயம் எப்படி அடங்குகிறது? சுரங்க ரயில் பயமுள்ளவருக்கு உளவியலாளர் படிகள் வகுத்துத் தருவார். முதலில் நடைமேடையில் நின்றுவிட்டு வரலாம். பிறகு ஃபேரர் பார்க் வரை ஒரே ஒரு நிறுத்தம். பிறகு மாலை நெரிசலில். நெஞ்சு படபடத்தாலும் இறங்கி ஓடாமல் இருந்தால் படபடப்பு தானே தணியும், எதிர்பார்த்த விபரீதம் நடக்காது. மூளை அதைக் குறித்துக்கொள்கிறது. ஆனால் பழைய பயம் அழிவதில்லை. அதன் மேல் ‘இங்கே ஆபத்தில்லை’ என்ற புதுப் பாடம் எழுதப்படுகிறது, அவ்வளவுதான். அந்தப் பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளவும் செய்கிறது. லிட்டில் இந்தியா நிலையத்தில் தணிந்த பயம் ஹார்பர்ஃபிரன்டில் மறுபடி தலைதூக்கலாம். அதனால் பல நிலையங்களில், பல நேரங்களில் பழக வேண்டும்.

இந்தப் புதுப் பாடத்தை வைத்திருப்பது நெற்றிக்குப் பின்னால், நடுக்கோட்டை ஒட்டியுள்ள முன்மூளைப் புறணி. முகமது மிலாதும் கிரெகரி குவிர்க்கும் 2002இல் எலிகளின் இந்தப் பகுதியை, பயமூட்டும் ஒலி கேட்கும் நேரத்தில், மின்சாரத்தால் தூண்டினார்கள். எலிகள் உறைந்து நிற்பது குறைந்தது. பயத்தின் இருப்பிடத்தைத் தொடாமல், அதை அடக்கும் இடத்துக்குப் பலம் கொடுக்கலாம் என்று ஆனது. மனிதர்களுக்கான காந்தச் சிகிச்சை பெரும்பாலும் இந்த வழியில்தான் யோசிக்கிறது. வேறு வழியும் இல்லை.

காரணம் இயற்பியல். ஆண்டனி பார்க்கர் 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருவாக்கிய கருவியில், தலைமேல் வைக்கும் கம்பிச்சுருளில் மின்னோட்டம் நொடியின் சிறு துளி நேரம் பாயும். ஏறத்தாழ எம்ஆர்ஐ அளவுக்கு வலிமையான காந்தப்புலம் தோன்றி மறையும். அது மண்டையோட்டைத் தடையின்றிக் கடந்து மூளைக்குள் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். ஆனால் சாதாரணச் சுருள் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழம்வரைதான் நரம்பணுக்களை எழுப்ப முடியும். அமிக்டலா அதற்கு வெகு கீழே கிடக்கிறது. ஆகவே மேற்பரப்பில் எட்டுகிற புறணியைத் தட்டி, அதன் நரம்பு இழைகள் வழியாகக் கீழே சேதி அனுப்புகிறார்கள். பதற்றத்துக்கு வலப்பக்கப் புறணியில் மெதுவான துடிப்புகள், மனச்சோர்வுக்கு இடப்பக்கத்தில் வேகமான துடிப்புகள் என்பது பழைய வழக்கம்.

சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீடுகள் இல்லாத வட்டாரம் அரிது. டக்ஸ்டன் பினக்கிள் கட்டடத்தில் 50ஆம் மாடியில் ஆகாயப் பாலமே உண்டு. உயரத்துக்குப் பயப்படுகிறவருக்கு இந்த ஊரில் மின்தூக்கியும் தாழ்வாரமும்கூடச் சோதனை. ஜெர்மனியில் மார்ட்டின் ஹெர்மன் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு இவர்களைப் பற்றியது. உயரப் பயமுள்ள 39 பேரில் ஒரு பகுதியினருக்கு முன்மூளையின் நடுப்பகுதியைக் காந்தத்தால் தூண்டி, உடனே மெய்நிகர்க் கண்ணாடி வழியாக உயரமான இடங்களில் நிற்க வைத்தார்கள். மற்றவர்களுக்குப் போலித் தூண்டல். நிஜத் தூண்டல் பெற்றவர்களுக்குப் பயம் சீக்கிரம் குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் தூண்டலும் பயத்தை எதிர்கொள்வதும் அடுத்தடுத்து வந்ததைக் கவனியுங்கள். காந்தத்தை வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பவில்லை.

அமெரிக்க மருந்து நிர்வாகம் ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய்க்கு 2018 ஆகஸ்டில் அனுமதித்த ‘ஆழ்’ காந்தச் சிகிச்சையிலும் இதே தந்திரம் உண்டு. கை கழுவிக்கொண்டே இருப்பவரை முதலில் அழுக்கான ஒன்றைத் தொடச் செய்வார்கள், பதற்றம் ஏறியதும் கருவியை இயக்குவார்கள். விழித்துக்கொண்ட நரம்புச் சுற்றைத்தான் மாற்ற முடியும் என்பது கருத்து. ஆறு வார முடிவில் நிஜச் சிகிச்சை பெற்றவர்களில் 38 சதவீதத்தினருக்கு நல்ல பலன். போலிச் சிகிச்சையில் 11 சதவீதம். மாத்திரையும் ஆலோசனையும் கைகொடுக்காதவர்களிடம் கிடைத்த எண்கள் என்பதால் இவை சாதாரணமல்ல. அதே சமயம், பத்தில் ஆறு பேருக்கு அந்த அளவு பலன் கிடைக்கவில்லை என்பதும் இதே கணக்குதான். பீதி நோய்க்கு நிலைமை இன்னும் மெலிவு. 2014இல் காக்ரேன் அமைப்பு தேடியபோது தேறியவை இரண்டு சோதனைகள், மொத்தம் 40 பேர். முடிவு சொல்லப் போதாது என்றது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். தமிழ் சினிமாவில் கட்டிலில் கட்டிவைத்து ‘ஷாக்’ கொடுப்பார்களே, இது அதுவல்ல. (நிஜ மின்னதிர்ச்சிச் சிகிச்சையும் அப்படி நடப்பதில்லை, மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள்.) காந்தச் சிகிச்சையில் நாற்காலியில் விழித்தபடி உட்கார்ந்திருக்கலாம். சுருள் டக் டக்கென்று சத்தம் போடும், காதுக்கு அடைப்பான் தருவார்கள். முடிந்ததும் எழுந்து வேலைக்குப் போகலாம். தலைவலி வரலாம், மிக அரிதாக வலிப்பு வரலாம். வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள் வர வேண்டியிருப்பதுதான் பலருக்கு நடைமுறைச் சிரமம்.

மனநலக் கழகத்தில் மூளைத் தூண்டல் சிகிச்சைகள் கிடைக்கின்றன. இங்கே முட்டுக்கட்டை கருவி அல்ல, தாமதம். கழகம் 2016இல் நடத்திய நாடு தழுவிய ஆய்வில், வாழ்நாளில் ஓசிடியால் அவதிப்பட்டவர்கள் 3.6 சதவீதம்; எதற்கெடுத்தாலும் ஓயாமல் கவலைப்படும் பொதுப் பதற்றக் கோளாறு 1.6 சதவீதம். ஓசிடி உள்ளவர்கள் உதவி தேடி வர எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் 11 ஆண்டுகள்! 1928இல் மருத்துவமனையாகத் தொடங்கிய இந்தக் கழகம் 1951 முதல் உட்பிரிட்ஜ் என்ற பெயரில் இயங்கியது. 1993இல் இடமும் பெயரும் மாறியும், பழைய ஆட்கள் வாயில் ‘உட்பிரிட்ஜ்’ இன்னும் ஒரு வசவு. நம் வீடுகளில் “பயந்திருக்கான், திருநீறு போட்டுவிடுங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். திருநீறு பூசட்டும், அதில் ஆட்சேபமில்லை. அதற்கு அப்புறமும் பிள்ளை பள்ளிக்கூட வாசலில் நடுங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முதலில் பலதுறை மருந்தகம் போதும். மாத்திரையும் உளவியல் சிகிச்சையும் பெரும்பாலோருக்கு அங்கிருந்தே தொடங்கும். காந்தம் அதற்கு அடுத்த கட்டம். தலைக்குள் உலோகத் துண்டோ, செவியில் பொருத்திய காக்ளியர் கருவியோ இருந்தாலும், முன்பு வலிப்பு வந்திருந்தாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இணையத்தில் விற்கும் தலைப்பட்டைகளை இதோடு சேர்த்து எண்ணாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் காந்தமே கிடையாது. ஒன்றிரண்டு மில்லிஆம்பியர் மின்சாரத்தைத் தோல் வழியாக அனுப்பும் கருவிகள் அவை. ஆய்வகத்தில் மருத்துவர் முன்னிலையில் அவற்றைச் சோதிப்பது வேறு, படுக்கையில் உட்கார்ந்து தானே மாட்டிக்கொள்வது வேறு.