கல் வளைவும் கனத்த சுவரும்

இங்கிலாந்தின் மேற்கே, வேல்ஸ் எல்லையை ஒட்டியுள்ளது ஹெரிஃபோர்டுஷயர் மாவட்டம். அங்கே கில்பெக் என்னும் சிற்றூரில் சிறியதொரு கிறிஸ்தவ ஆலயம் நிற்கிறது. ஏறத்தாழ 1140ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. அரண்மனையோ பெரிய நகரமோ அருகில் இல்லை. ஆயினும், கட்டடக்கலை மாணவர்கள் இதைத் தேடி வருகிறார்கள். ஏன் தெரியுமா?

ஆலயத்தின் அமைப்பு எளிது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பகுதிகள்: மக்கள் கூடும் நீண்ட கூடம், குருமார் வழிபாடு நடத்தும் சிறிய அறை, கீழ்க்கோடியில் அரைவட்டமான முனை. வாயிலுக்கு மேலும் பகுதிகளுக்கு இடையிலும் அரைவட்ட வளைவுகள். சுவர்கள் கனமானவை, அரைவட்ட முனையின் சன்னல்களோ மிகச் சிறியவை. இத்தகைய பாணிக்கு 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் 'ரோமனெஸ்க்' என்று பெயரிட்டார்கள். பழைய ரோமானியரின் வளைவுகளை இது நினைவூட்டியதே காரணம்.

சுவருக்கு ஏன் இத்தனை கனம்? கல்லின் இயல்பை அறிந்தால் விடை கிடைக்கும். கல் அழுத்தத்தை நன்கு தாங்கும், இழுவிசையைத் தாங்காது. இரு சுவர்களுக்கு இடையே நீண்ட கல்லைக் கிடத்தினால், பளுவினால் அதன் அடிப்புறம் இழுபட்டு விரிசல் காணும். எனவே கற்களை ஆப்பு வடிவில் செதுக்கி, வளைவாக அடுக்கினார்கள். ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்குகிறது. இழுவிசைக்கு வேலையில்லை.

ஆனால் இங்கே ஒரு புதிய தொல்லை முளைக்கிறது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வழவழப்பான மேசைமீது இரண்டு புத்தகங்களைக் கூடாரம்போல் ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்துங்கள். உச்சியை விரலால் மெல்ல அழுத்துங்கள். அடிப்பக்கங்கள் வெளிப்புறமாக விலகி ஓடுகின்றன அல்லவா? இருபுறமும் ஒவ்வொரு செங்கல்லை வைத்துவிட்டு மீண்டும் அழுத்துங்கள். இப்போது அசையவில்லை. வளைவும் இப்படித்தான், பளுவைக் கீழே இறக்குவதோடு, பக்கவாட்டிலும் உதைக்கிறது. அந்த உதைப்பைத் தாங்கும் செங்கல்தான் கனத்த சுவர். பெரிய சன்னல் வைத்தால் சுவரின் வலிமை குறையும்.

கில்பெக் கொத்தர்கள் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். அகலமான கூடத்தின் மீது அவர்கள் கல் கூரை அமைக்கவில்லை. இலேசான மரக்கூரையே போதும் என்று விட்டார்கள். சிறிய அரைவட்ட முனைக்கு மட்டும் விலா எலும்புகள் போன்ற கல் பட்டைகளோடு கல் கூரை எழுப்பினார்கள். அங்கே இடைவெளி குறைவு, உதைப்பும் குறைவு. சுற்றிவளைந்த சுவரே அதைத் தாங்கிக்கொண்டது.

இந்தக் கணக்கிற்கு நடுவே கலைக்கும் இடம் இருந்தது. தெற்கு வாயிலைச் சுற்றிக் கொடிகளும் நாகங்களும் வீரர்களும் செம்மணற்கல்லில் செதுக்கப்பட்டுள்ளனர். கூரை விளிம்பைத் தாங்கும் சிறு கல் முட்டுகளில் 85 இன்றும் உள்ளன. அவற்றுள் ஒன்றில் நாயும் முயலும் நண்பர்களைப்போல் அருகருகே அமர்ந்திருக்கின்றன! பளு தாங்கும் கல்லே சிற்பமும் ஆயிற்று.

பின்னர் வந்த கட்டடக்காரர்கள் வளைவின் உச்சியைக் கூராக்கி உயர்த்தினார்கள். வளைவு உயர உயர, பக்கவாட்டு உதைப்பு குறையும். எஞ்சிய உதைப்பை வெளியே நிறுத்திய முட்டுச் சுவர்களிடம் ஒப்படைத்தார்கள். சுவர் மெலிந்தது, பெரிய சன்னல்கள் பிறந்தன. இதுவே 'கோதிக்' பாணி.

கில்பெக் ஆலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. கிட்டத்தட்ட 900 ஆண்டுகளாக அந்த வளைவுகள் ஒரு கணமும் ஓயாமல் உதைத்துக்கொண்டே இருக்கின்றன. சுவர்களும் விட்டுக்கொடுக்காமல் நிற்கின்றன. இனி எங்கேனும் பழைய வளைவுப் பாலத்தைக் கண்டால், வளைவை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். அதன் இருபுறமும் அசையாமல் நிற்பது எது என்றும் பாருங்கள்.