பரந்தனின் எரிசோடா ஆலை

விழா மலரிலே கல்லூரியின் பழம்பெருமையைப் பேசுதலே மரபு. நாமோ, அயலிலே எழுந்து, ஒரு தலைமுறைக்குச் சோறிட்டு, ஓய்ந்துபோன ஓர் ஆலையைப்பற்றி எழுதப் புகுந்தோம். தமிழாசிரியர்க்கு இரசாயனத்தில் என்ன அலுவல் என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். செய்தி உப்பைப் பற்றியதாதலின், சங்கச் செய்யுட்களில் வரும் உமணரை ஆண்டுதோறும் வகுப்பிலே வண்டியேற்றி அனுப்பும் எமக்கும் இதிற் சிறிது உரிமையுண்டு.

ஆனையிறவுக் கடனீரேரியின் உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி வைப்பர். சோளகக் காற்றும் வெயிலும் நீரை வற்றச்செய்யும். பாத்திக்குப் பாத்தி நீர் செறிவடைய, முதலிற் சுண்ணச் சத்துக்கள் படியும். பின்னரே உப்பு விளையும். எஞ்சிய கசப்புநீரை வடித்துவிடுவர். நெல்லைப் போலவே உப்பையும் 'விளைவது' என்று கூறும் எம்மவர் வழக்கு எத்துணைப் பொருத்தமானது!

இவ்வுப்பை நம்பியே சில மைல் தெற்கிலுள்ள பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை அமைந்தது. காங்கேசன்துறைச் சீமந்து ஆலை, வாழைச்சேனைக் காகித ஆலை என்பனவற்றோடு இதுவும், திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள் 1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தில் வித்திடப்பட்டதாகும். 1956 இல் இது கூட்டுத்தாபனமாயிற்று.

தொழின்முறையைச் சுருங்கக் கூறுவோம். தூய்மைசெய்த உப்புக் கரைசலினூடே மின்னைச் செலுத்தினால் நேர்மின்வாயிற் குளோரீன் வாயுவும் எதிர்மின்வாயில் ஐதரசனும் வெளிப்படும். கரைசலில் எரிசோடா உண்டாகும். நூறு கிலோ உப்பிலிருந்து கணக்கின்படி 68 கிலோ எரிசோடாவும் 61 கிலோ குளோரீனும் கிடைத்தல் வேண்டும். கூட்டுத்தொகை நூறை மிஞ்சுகின்றதே என மாணவர் மயங்குவர். நீரும் அவ்வினையிற் பங்குகொள்ளுகின்றது என்பதே விடை. எரிசோடா சவர்க்காரத்துக்கும், வைக்கோலை அவித்துக் காகிதக்கூழ் ஆக்குதற்கும் வேண்டப்படுவது. குளோரீன் குடிநீரிலுள்ள நோய்க்கிருமிகளை அழிப்பது. எனவே வன்னி மண்ணில் எழுந்த இவ்வாலை, இலங்கை முழுவதற்கும் பயன்படத்தக்க பொருள்களை ஆக்கிற்று.

1980களின் நடுப்பகுதியிலே போரினால் உற்பத்தி நின்றது. நாம் அறிவு தெரிந்த நாள் முதலாக அதனை இயங்காத ஆலையாகவே அறிவோம். எம்மிடம் பயின்றோர் சிலரின் பாட்டனார் அங்கு முறை மாற்றி வேலைசெய்தோர். குளோரீன் நெடி சட்டையோடு வீடுவரை வரும் என்று அவர்கள் கூறக் கேட்டிருக்கின்றோம். 1991 இல் அரசு இதற்கு வாரிசாக ஒரு கம்பனியை அமைத்தது. பரந்தன் என்னும் பெயரைத் தாங்கிய அக்கம்பனி, குளோரீனைப் பிறநாடுகளிலிருந்து வாங்கியே நீர்வழங்கற் சபைக்கு வழங்கிவரலாயிற்று.

இதனை யப்பானியத் தொழிலகம் ஒன்றனோடு ஒப்புநோக்கல் தகும். யமகுச்சி மாகாணத்திலே 1918 இல் சோடா உற்பத்திக்கெனத் தொடங்கப்பெற்றது தொக்குயாமா நிறுவனம். 2018 இல் அது நூற்றாண்டு கண்டது. சோடாவோடு அமையாது, கழிபொருளையும் பயன்படுத்தி 1938 இற் சீமந்து செய்தது. 1984 முதல் குறைகடத்திகளுக்கு வேண்டும் தூய சிலிக்கனும் ஆக்கிவருகின்றது. தன் பழைமையைப் பேசும்போதே அடுத்து ஆக்கவிருக்கும் பொருளையும் பேசும் வாய்ப்பு அதற்கு வாய்த்தது. யப்பானோ ஆலைகளுக்கு வேண்டிய உப்பை அவுத்திரேலியா, மெச்சிக்கோ ஆகிய நாடுகளிலிருந்து கப்பலில் இறக்கும் நாடு. உப்பில்லாதார் சோடா செய்கின்றனர். உப்புடைய நாம் குளோரீனைக் கப்பலில் எதிர்பார்த்திருக்கின்றோம்.

பரந்தன் ஆலையை மீள நிறுவும் பேச்சு போர் முடிந்தபின் பலமுறை எழுந்தது. பழைய பொறிகளைத் துடைத்தெடுத்து ஓட்டுதல் இயலாது. இன்று உலகெங்கும் மென்சவ்வுக் கலங்களே விரும்பப்படுகின்றன. அவற்றுக்கு உப்புநீர் மிகத் தூயதாயிருத்தல் வேண்டும். கல்சியமும் மகனீசியமும் சிறிது மிகுந்தாலும் சவ்வு கெடும். ஒரு தொன் எரிசோடாவுக்கு 2,000 அலகுக்கு மேற்பட்ட மின்சாரமும் வேண்டும். குளோரீன் நச்சுவாயுவாதலின் குடிமனைகளுக்கு அண்மையில் அதனைக் காத்துவைத்தலும் எளிதன்று. இவற்றுள் மின்சாரத்தின் விலையே பெருந்தடை என எமது இரசாயன ஆசிரியர் கூறுவர். பயிற்றப்பட்ட ஆட்களே அரியர் என்பது எமது கருத்து. ஆலையில் வேலைசெய்தோருள் இன்று எஞ்சியிருப்போர் முதியவர். அவர்களது அனுபவத்தைக் கேட்டு எழுதிவைத்தார் எவரையும் நாம் இதுகாறும் கண்டிலோம்.