காத்திருப்புக்கும் கெடு உண்டு: உதவித்தொகைக்கு மனு போட்ட மாற்றுத்திறனாளிகள் அறிய வேண்டியவை

விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் கரையோரத்தில் உள்ள கீழ்புத்துப்பட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சில கிலோமீட்டர் போனால் காலாப்பட்டு. அது புதுச்சேரி. உடம்புக்கு முடியவில்லை என்றால் இந்தக் கரையோர மக்கள் ஓடுவது அந்தப் பக்கம்தான். பெரிய வியாதி என்றால் ஜிப்மர். அதே நோயாளி நடக்க முடியாமலோ பார்வை இழந்தோ வீடு திரும்பி, அரசு உதவித்தொகைக்கு மனு போட வேண்டுமென்றால் திசை மாறிவிடுகிறது. வட்டாட்சியர் அலுவலகம், திண்டிவனம் அரசு மருத்துவமனை, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, விழுப்புரம் ஆட்சியர் வளாகம் என்று அலைச்சல் தொடங்குகிறது.

உப்பளக் கூலியை நம்பிய வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் நின்றுபோவது ஒரு கூலி மட்டுமல்ல. அவரைத் தூக்கி உட்காரவைக்க, கழிப்பறைக்கு அழைத்துப்போக, இன்னொருவரும் பாத்தியில் இறங்காமல் வீட்டில் இருக்க வேண்டியிருக்கிறது. பரிசோதனைக்குப் போகும் நாளில் பேருந்தில் ஏற்ற முடியாதவரை ஆட்டோ பிடித்துத்தான் கொண்டுபோக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் முழுகிவிட்டால் இருக்கிற கூலியும் போய்விடும். அப்படிப்பட்ட வீட்டில் மாதம் 1,500 ரூபாய் என்பது அரிசியும் மாத்திரையும். அது வரத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் வட்டிக் கடனாக ஏறுகிறது.

"வரும்போது வரும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நாமும் அதை விதி என்று எடுத்துக்கொள்கிறோம். அது விதியல்ல. இந்தக் காத்திருப்பின் ஒரு பகுதிக்குச் சட்டமே கெடு வைத்திருக்கிறது. மீதிப் பகுதிக்குக் கெடு கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

எந்தக் கதவைத் தட்டுவது?

தமிழ்நாட்டில் மாத உதவி இரண்டு துறைகள் வழியாக வருகிறது. ஒன்று, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோய்ப் பாதிப்பு ஆகியவற்றில் 40 சதவீதமும், கை கால் போன்ற மற்றக் கடும் பாதிப்புகளில் 75 சதவீதமும் இருந்தால் இதற்கு மனு போடலாம். முதுகுத்தண்டுவடப் பாதிப்பு, பார்க்கின்சன் போன்ற நரம்பியல் நோய் உள்ளவர்களும் இதில் வருவார்கள். மனு போக வேண்டிய இடம் விழுப்புரத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

மற்றொன்று, வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 1,000 ரூபாயாக இருந்த இது 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாய் ஆனது. இதற்கு 40 சதவீதப் பாதிப்பு போதும். குடும்ப நிலையை விசாரித்து முடிவு செய்வார்கள். இ-சேவை மையத்தில் பதிந்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும்.

இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும். 75 சதவீதத்துக்கு மேல் சான்று உள்ளவர் விவரம் தெரியாமல் குறைந்த தொகைக்கு மனு போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. சான்றிதழில் உள்ள சதவீதத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்று கட்டம், மூன்று காலம்

முதல் கட்டம் மருத்துவச் சான்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. மனநோய், தலசீமியா, அமிலம் வீசப்பட்டோரின் பாதிப்பு ஆகியவையும் அதில் அடங்கும். யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் பதிந்தால் ஒரு பதிவு எண் வரும். 2017-இல் வந்த விதிகள் ஒரு மாதத்துக்குள் சான்று தர வேண்டும் என்றன. 2024 அக்டோபர் திருத்தம் அதை மூன்று மாதமாக்கியது. மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதே திருத்தத்தில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது: பரிசோதனைக்குப் போகாமல் விட்டு இரண்டு ஆண்டு ஓடிவிட்டால் மனு செயலிழந்துவிடும், மறுபடி பதிய வேண்டும். அட்டை வெள்ளை நிறத்தில் வந்தால் 40 சதவீதத்துக்குக் கீழ், மஞ்சள் 40 முதல் 80-க்குள், நீலம் 80-க்கு மேல்.

சொந்த மாவட்டத்தில் மட்டுமல்ல, அந்தக் குறைபாட்டுக்காகச் சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையிலும் சான்று கோரலாம் என்று விதி சொல்கிறது. புதுச்சேரி அரசு மருத்துவமனைகளில் வைத்தியம் பார்த்த மரக்காணம் கரையோரத்தாருக்கு இது பயன்படும். சதவீதம் குறைத்துப் போடப்பட்டதாகத் தோன்றினால் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

இரண்டாம் கட்டம் விசாரணை. மனுக்கள் பெரும்பாலும் தேங்குவது இங்கேதான். ஆதாரில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் ஓர் எழுத்து மாறிய பெயர், வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்காமல் இருப்பது, விசாரணைக்கு வந்த நாளில் வீடு பூட்டியிருப்பது: இந்தச் சின்னக் காரணங்கள்தான் பல மாதங்களைத் தின்கின்றன. மனு போடுவதற்கு முன்பே பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒத்துப்பாருங்கள்.

மூன்றாம் கட்டம் ஆணையும் பணமும். தகுதி உறுதியான பிறகும் நிதி ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்க நேரலாம். "பட்டியலில் இருக்கிறது" என்று சொன்னால் அதோடு திரும்பாதீர்கள். பட்டியலில் எத்தனையாவது இடம் என்று கேளுங்கள்.

கீழ்புத்துப்பட்டு முகாமில் இருப்பவர்களுக்கு

இங்குள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் முதியோரும் உடல் பாதிப்பு உள்ளோரும் இருக்கிறார்கள். குடியுரிமை இல்லையே என்று தயங்கி மனுவே போடாமல் இருந்துவிட வேண்டாம். 2016 சட்டம் மாற்றுத்திறனாளியை வரையறுக்கும்போது "நபர்" என்றுதான் சொல்கிறது. குடிமகன் என்று சொல்லவில்லை. முகாம் குடும்ப அட்டையையும் ஆதாரையும் வைத்து முதலில் யுடிஐடி பதிவை முடியுங்கள். உதவித்தொகை மனுவை முகாமைக் கவனிக்கும் வருவாய் அலுவலர் வழியாக எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

தாமதமானால் யாரிடம் கேட்பது?

வாய்ப்பேச்சாகக் கேட்டால் வாய்ப்பேச்சாகத்தான் பதில் வரும். எழுதிக் கேளுங்கள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் எண் தருவார்கள். 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணில் வீட்டிலிருந்தே புகாரைப் பதியலாம்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் அதற்கான சான்றை வைத்தால் அதுவும் வேண்டாம். கேள்வி சுருக்கமாக இருக்கட்டும்: "இந்தத் தேதியில் இந்த எண்ணில் நான் கொடுத்த மனு இன்று எந்த அலுவலரிடம் உள்ளது? எந்தத் தேதியிலிருந்து உள்ளது? காத்திருப்போர் பட்டியலில் என் வரிசை எண் என்ன?" முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு, பிறகு மாநிலத் தகவல் ஆணையம். நகராமல் கிடக்கும் மனுக்கள் இந்த ஒரு தாளுக்குப் பிறகு நகர்ந்துவிடுவது உண்டு.

அதற்கும் அசையவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு. அவர் பரிந்துரைத்தால் எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் சம்பந்தப்பட்ட அதிகாரி தெரிவித்தாக வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100.

காத்திருக்கும் நாட்களைக் கடப்பது எப்படி?

சான்று கைக்கு வந்த அன்றே சில உதவிகள் திறந்துவிடுகின்றன. உதவித்தொகை ஆணை வரும்வரை அவற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளியும் துணைக்கு வரும் ஒருவரும் இலவசமாகப் போகலாம். சக்கர நாற்காலி, காதொலிக் கருவி போன்றவற்றை மாவட்ட நல அலுவலகத்தில் தனியாகக் கேட்கலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நிரமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு.

பாதிப்பு விபத்தால் வந்ததென்றால் வங்கிக் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் விபத்துக் காப்பீடு. முழு நிரந்தர ஊனத்துக்கு இரண்டு லட்சம், ஒரு கையோ ஒரு காலோ ஒரு கண்ணோ இழந்தால் ஒரு லட்சம் கிடைக்கும். அந்த 20 ரூபாயை மறந்துவிட்டு, பணத்தைக் கேட்காமலே விட்ட குடும்பங்கள் உண்டு.

பராமரிப்பவரின் உடம்பும் மனமும் இந்தக் காலத்தில்தான் தேய்கின்றன. பெரும்பாலும் அது மனைவியோ அம்மாவோ மூத்த மகளோ. அலைச்சலைப் பங்குபோட்டுக்கொள்ளுங்கள். ஊரில் மனு போட்ட இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரே நாளில் ஒரே வண்டியில் போனால் செலவும் குறையும், தைரியமும் கூடும். மகளிர் சுயஉதவிக் குழுவிலோ மாற்றுத்திறனாளிகள் சங்கத்திலோ இந்தப் பேச்சை எடுங்கள்.

காத்திருப்பவர்களைச் சுற்றித் தரகர்களும் வருவார்கள். "சதவீதத்தை ஏற்றிப் போடுகிறேன்" என்பவரை நம்பிப் பொய்ச்சான்று வாங்கினால் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. மாட்டிக்கொள்வது சான்று வைத்திருப்பவர்தான். வரப்போகும் தொகையைக் காட்டி ஏடிஎம் அட்டையை அடகு வைக்காதீர்கள். ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். கையெழுத்துக்குப் பணம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போங்கள்.

அரசு மாற்ற வேண்டியது

காத்திருப்பு நமக்கு மட்டும் உள்ள துன்பமல்ல. அமெரிக்காவில் இத்தகைய மனுவுக்கு முதல் முடிவு வரவே 2023, 2024 ஆண்டுகளில் சராசரியாக ஏழு மாதத்தை ஒட்டி ஆனது. ஆனால் அங்கே மனு ஏற்கப்பட்டால் பழைய மாதங்களுக்கும் நிலுவை உண்டு. பிரிட்டனில் மனு கொடுத்த தேதியிலிருந்தே கணக்கிடுகிறார்கள். இங்கே ஆணை வந்த பிறகே பணம் என்பது நடைமுறை. அலுவலகத்தின் தாமதத்துக்குப் படுத்திருப்பவர் விலை கொடுக்கிறார். தாமதித்தவருக்கு எந்த இழப்பும் இல்லை. மனு கொடுத்த தேதியிலிருந்து உதவித்தொகையைக் கணக்கிட்டுத் தருவதும், கர்நாடகமும் கேரளமும் செய்ததுபோல் ஒவ்வொரு சேவைக்கும் சட்டப்படி நாள் குறிப்பதும் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு செய்ய வேண்டிய நியாயம். கிராமசபையில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றக் கேளுங்கள்.

அதுவரை உங்கள் மனுவுக்கு நீங்கள்தான் காவல். எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கொடுத்தாலும் அதன் நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.