லேசர் ஒளியும் லயத்துப் பீலியும்

ஏவுகணைகளை லேசர் கதிரால் வானிலேயே வீழ்த்தும் அமெரிக்க ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த லோவெல் வுட் என்னும் பௌதிக அறிஞர், அதே உபாயத்தை நுளம்பின்மீதும் பிரயோகிக்கலாம் என்று கூற, நேதன் மியர்வோல்டின் நிறுவனம் அந்த யோசனைக்கு உருவங்கொடுத்து 2010 ஆம் ஆண்டில் மேடையில் செய்து காட்டியது. பறந்துவரும் பூச்சியின் வடிவத்தையும் சிறகடிக்கும் வேகத்தையும் கணித்து, நுளம்புதான் என்று நிச்சயித்த பின்னரே கதிரை ஏவும் அக்கருவியின் சாமர்த்தியம் வியக்கத்தக்கதே. ஆயினும் பதுளை, பசறை, ஹாலி எல தோட்டத்து மக்களுக்கு அது கைக்கெட்டிய பாதுகாப்பன்று.

ஆகவே, லேசர் என்று பெயர் சொல்லி எவரேனும் மலிவான கருவியொன்றை விற்க வந்தால், மயங்கிச் சம்பளப் பணத்தைக் கொடுத்துவிடலாகாது. கட்டுப்பாடற்ற லேசர் கதிர், வலியே தெரியாமல் விழித்திரைக்கு நிரந்தர ஊனம் விளைவிக்கவல்லது. குழந்தைகள் உறங்கும் லயத்து அறையில் அதற்கு இடமில்லை. பொய் விளம்பரத்தை நம்பி ஏமாந்தவர், பற்றுச்சீட்டுடன், தாமதமின்றி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம்; தொலைபேசி இலக்கம் 1977.

கருவியைவிட நுளம்பின் பிறப்பிடத்தையே கவனிக்கவேண்டும். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு பகலிலே கடிப்பது. கூரைப் பீலியிலும் பீப்பாயிலும் சிரட்டையிலும் தேங்கிய நீரில் முட்டையிட்டு, ஏறத்தாழ ஒரு வாரத்தில் புதிய தலைமுறையைப் பறக்கவிடுவது. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், இடத்தின் சொந்தக்காரரையும் குடியிருப்பவரையும் நுளம்பு பெருகாமல் தடுப்பதற்குப் பொறுப்பாளிகளாக்குகிறது. பீப்பாயை வாரந்தோறும் தேய்த்துக் கழுவி மூடிவைப்பது குடியிருப்பவரின் கடமை என்பதில் ஐயமில்லை. (குழாயில் நாள்தோறும் நீர் வந்தால் பீப்பாய்க்கே அவசியமிராது என்பது வேறு விஷயம்.) ஆனால் உடைந்த பீலியையும் அடைபட்ட கானையும் சீர்ப்படுத்தும் பொறுப்பை, லயத்துக்குச் சொந்தக்காரரல்லாத தொழிலாளியின் தலையில் சுமத்துதல் நியாயமன்று. தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்துமூலம் மனுச்செய்து, அதன் பிரதியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் அனுப்புக; வாய்ச்சொல்லுக்குச் சாட்சியில்லை.

காய்ச்சல் கண்டால் அஸ்பிரின், இபுபுரோஃபன் வகை மாத்திரைகளை விலக்குக. அவை இரத்தப்போக்கை அதிகரிக்கச் செய்யும். மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்வித்துக்கொள்க. காய்ச்சல் தணியும் வேளையே டெங்கில் அபாயமானது. ஆகையால், உடம்பின் சூடு இறங்கிற்றென்று கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடாமல், ஓயாத வாந்தி, வயிற்றுவலி, இரத்தக் கசிவு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அக்கணமே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.